இடது பக்கம் இன்னும் மரக்கல

பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது அவர் கையில் ஒரு பச்சை வயர் கூடை இருக்கும். கூடைக்குள் ஒரு டீ பிளாஸ்க். எங்கள் மருத்துவமனையில் புதிதாக வேலைக்குச் சேரும் சிஸ்டர்கள் முதல் வாரத்திலேயே ஆசையோடு அதைத் திறந்து பார்த்து ஏமாந்துபோவார்கள். உள்ளே ஐஸ் கட்டிகள்தான் கிடக்கும்.

"ஏங்க, அரியலூர்ல ஐஸ் கிடைக்காதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கிடைக்கும் மேடம். நமக்கு வேணுங்கிற நேரத்துல கரண்ட் இருக்கணுமே."

அவர் மயக்க மருந்து டாக்டர். நான் பிரசவ டாக்டர், அரியலூரில் சின்னதாக ஒரு மருத்துவமனை நடத்துகிறேன். ஒன்பது வருடம் என்னுடைய சிசேரியன்களுக்கு அவர்தான் வந்தார். என்னைவிட மூன்று வயது இளைய பெண். ஜெயங்கொண்டம், செந்துறை என்று அழைத்த இடத்துக்கெல்லாம் அந்தக் கூடையோடு பஸ் ஏறிப் போவார். கார் வாங்கச் சொன்னால், பஸ்ஸில்தான் தூங்க முடிகிறது என்பார்.

ஐஸ் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். முதுகில் ஊசி போட்டபின் மருந்து எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பலர் கத்தி முனையாலோ இடுக்கியாலோ வயிற்றில் ஒரு கிள்ளு கிள்ளிப் பார்ப்பார்கள், முகம் சுளிக்காவிட்டால் சரி. இவர் ஐஸ் கட்டியைத் துணியில் பிடித்து முதலில் அந்தப் பெண்ணின் கன்னத்தில் வைப்பார். "இதுதான் சில்லுங்கறது. ஞாபகம் வச்சுக்கங்க. இப்ப கீழ வைக்கிறேன். இதே சில்லு தெரியுதா, இல்ல யாரோ தொடுற மாதிரி மட்டும் இருக்கான்னு சொல்லுங்க." பாதம், முழங்கால், தொடை, அடிவயிறு, விலா, மார்பு. முதலில் வலது பக்கம், பிறகு இடது பக்கம். அந்தப் பெண் பதில் சொல்லும்வரை ஐஸைப் பிடித்தபடி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கையைக் கழுவி, கையுறை மாட்டி, மார்பின் குறுக்கே கைகளைக் கட்டி நான் நின்றுகொண்டிருப்பேன்.

"போதுமா?" என்பேன்.

"அவங்க சொல்லட்டும் மேடம்."

ஒன்பது வருடத்தில் இந்த மூன்று வார்த்தையை நான் கேட்காத நாளில்லை. என்னைப் பார்த்துக்கூடச் சொல்லமாட்டார்.

சாதாரணமாகச் சிசேரியனுக்கு முதுகில் ஒரே ஊசிதான். ஐந்து நிமிடத்தில் மார்புக்குக் கீழே மரத்துவிடும். ஆனால் இதயக் கோளாறு மாதிரி ஏதாவது உள்ளவர்களுக்கு அப்படி ஒரேயடியாக மருந்து ஏற்றினால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கிவிடும். அவர்களுக்கு எபிடியூரல். முதுகெலும்புகளுக்கு இடையில் சற்றுப் பெரிய ஊசியை இழை இழையாக உள்ளே செலுத்த வேண்டும். ஊசியின் பின்னால் உப்புத் தண்ணீர் நிறைத்த சிரிஞ்சு. கட்டைவிரலால் அழுத்தினால் போகாது, எதிர்க்கும். சரியான இடம் வந்ததும் அந்த எதிர்ப்பு சட்டென்று விலகும். அதற்கு மேல் ஒரு நூலளவு போனாலும் தண்டுவடத்தின் உறையில் ஓட்டை விழுந்துவிடும். அந்த இடத்தில் தூண்டில் நரம்பு போன்ற ஒரு குழாயைச் செருகி, முதுகில் ஒட்டிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கொடுக்க வேண்டும். முதலில் மூன்று மில்லி மட்டும். நாடி ஏறுகிறதா, கால் திடீரென்று கனக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு ஐந்தைந்து மில்லியாக. இருபது நிமிடம் ஆகும். அவர் கையில் அரைமணி.

முதுகை வளைத்து உட்காரச் சொன்னால் நிறைமாத வயிற்றோடு யாருக்கும் புரியாது. பாடப்புத்தகத்தில் என்னென்னவோ உவமை இருக்கிறது. அவர், "முந்திரிக்கொட்டை மாதிரி உக்காருங்க" என்பார். ஜெயங்கொண்டம் பக்கத்துப் பெண்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அப்படியே சுருண்டுவிடுவார்கள். கொல்லையில் முந்திரி பொறுக்குகிற பெண்ணாக இருந்தாலும் 'நீங்க', 'வாங்க'தான். நான் எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். அது அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை செந்துறையிலிருந்து காது கேளாத, வாய் பேசாத ஒரு பெண் வந்தாள். நாளைக்கு ஆபரேஷன் என்றால் இவர் முந்தின நாளே வந்துவிட்டார். அவளுடைய அக்காவை உட்காரவைத்து, சில்லென்று இருந்தால் இவள் கையால் எப்படிக் காட்டுவாள், வலித்தால் எப்படி, ஒன்றும் தெரியாவிட்டால் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பழகினார். குளிருக்கு அவள் இரண்டு தோளையும் கட்டிக்கொள்வாள். ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு கையில் டிரிப்ஸ், ஒரு கையில் பிரஷர் பட்டை. கட்டிக்கொள்ள முடியாது. ஆகவே தோளை மட்டும் குலுக்கினால் போதும் என்று அவளோடு சைகையில் பேசி முடிவு செய்தார். மறுநாள் அவள் தோளைக் குலுக்குவது நிற்கும்வரை காத்திருந்தோம். கடைசியில் அவள் விரலை விரித்து 'ஒன்றும் இல்லை' என்று காட்டிச் சிரித்தாள். அன்றைக்கு எனக்கு ஓ.பி.யில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். "ஒரு ஊமைப்பிள்ளைக்கு இவ்வளவு நேரமா" என்று சிஸ்டரிடம் நான் முணுமுணுத்தது அவருக்குக் கேட்டிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் கையும் ஒருமுறை தவறியது. அந்த நூலளவுதான். ஊசி உறையைத் துளைத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் நன்றாக முடிந்தது, ஆனால் மறுநாளிலிருந்து தலையைத் தூக்க முடியாத தலைவலி. எல்லோரும் செய்வதுபோல, பிரசவமானால் தலைவலி வரும், காபி குடி, படுத்திரு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் அம்மாவையும் கணவனையும் வைத்துக்கொண்டு, "என் கை தவறுனதால வந்த வலிங்க இது. சரியாயிடும். ஆவுற வரைக்கும் நான் வருவேன்" என்றார். வந்தார். அந்தப் பெண் ஜெயங்கொண்டத்தில் தாய்வீட்டுக்குப் போன பிறகும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

எனக்குக் கோபம். "எதுக்கு நீங்களே போய் ஒத்துக்கிறீங்க? ஊரெல்லாம் சொல்லுவாங்க. என் ஆஸ்பத்திரி பேருதான் கெடும்."

"வலி அவங்க தலையில இருக்கு மேடம். ஏன் வந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

நான் சொன்னபடியே ஊரெல்லாம் சொன்னார்கள். மயக்க டாக்டரம்மா முதுகில் தப்பாகக் குத்திவிட்டார் என்று.

அதற்கு அடுத்த வருடம் மலர்க்கொடி வந்தாள். கீழப்பழுவூர்க்காரி. சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சலால் இதயத்தில் ஒரு வால்வு கொஞ்சம் சுருங்கியிருந்தது. திருச்சி இதய டாக்டர் பார்த்துவிட்டு, பிரசவம் பார்க்கலாம், ஆனால் எதையும் மெதுவாகச் செய்யுங்கள் என்று எழுதிக்கொடுத்திருந்தார். குழந்தை குறுக்கே கிடந்ததால் சிசேரியன். அவள் மாமனார் ஊரில் பெரிய ஆள். ஜோசியரிடம் நேரம் குறித்து வந்திருந்தார். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் குழந்தை வெளியே வந்துவிட வேண்டும்.

"ஆயிடும்" என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

ஒன்பதேகாலுக்கு மலரைத் தியேட்டருக்குள் கொண்டுவந்தோம். ஊசி போட்டுக் குழாய் செருகி, மருந்தைத் துளித்துளியாகக் கொடுக்கத் தொடங்கினார். பத்து மணிக்கு வலது பக்கம் மார்புவரை நன்றாக மரத்துவிட்டது. இடது பக்க அடிவயிற்றில் ஐஸ் வைத்தபோது மலர், "சில்லுங்குது" என்றாள். இப்படி ஒரு பக்கம் மட்டும் பிடிப்பது எபிடியூரலில் உண்டு. அவர் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து, மலரை இடது பக்கமாகச் சாய்த்து, இன்னொரு ஐந்து மில்லி கொடுத்தார்.

"பத்து நிமிஷம் மேடம்."

நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து பத்து. பிறகு பத்து பன்னிரண்டு.

"இப்ப?"

"இடது பக்கம் இன்னும் மரக்கல. அவங்க சொல்லட்டும்."

குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருந்தது. தாய்க்கும் எந்த ஆபத்தும் இல்லை. உயிர் போகிற அவசரத்தில் எங்களால் சில நேரம் காத்திருக்க முடியாமல் போகும். இது அதில்லை. இதை நான் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். பத்து பதினாலுக்கு நான் கத்தியை வாங்கினேன்.

வலது பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டு போனேன். நடுவைத் தாண்டியதும் மலர் கத்தினாள். "அம்மா, தெரியுது. அறுக்கறது தெரியுது."

மலரின் மார்புக்கு மேல் கட்டிய திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது. "நிறுத்துங்க மேடம். அவங்களுக்குத் தெரியுது."

நிறுத்தியிருக்கலாம். தோல்தான் அறுபட்டிருந்தது. ஈரத்துணியை வைத்து மூடிவிட்டுப் பத்து நிமிடம் நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. "ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கம்மா, குழந்தைய எடுத்துடறேன்" என்றேன். இரண்டு நிமிடம் இல்லை, எட்டு நிமிடம். அவர் வலி குறைய ஏதோ மருந்தை ரத்தத்தில் செலுத்தினார். பிறகு குனிந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. மலரின் குரல் மட்டும்தான் தியேட்டர் முழுக்க இருந்தது. அது வெளியிலும் கேட்டது.

பத்து இருபத்திரண்டுக்குப் பெண் குழந்தை.

கர்ப்பப்பையைத் தைத்து, தோலைத் தைக்க வரும்போது மலர் அமைதியாகக் கிடந்தாள். "இன்னும் தைக்க ஆரம்பிக்கலீங்களா?" என்று கேட்டாள். நான் இடது ஓரத்தில் கடைசித் தையலைப் போட்டுக்கொண்டிருந்தேன். மருந்து அவர் சொன்ன நேரத்துக்குச் சரியாகப் பிடித்திருந்தது. அதை அந்த அறையில் நாங்கள் இரண்டு பேரும்தான் புரிந்துகொண்டோம். அவர் என்னைப் பார்க்கவில்லை.

வெளியே வந்தேன். மாமனார் குழந்தையைப் பார்த்த மகிழ்ச்சியில் இருந்தார். ஆனாலும் கேட்டார்.

"மருமவ ஏங்க அப்புடிக் கத்துச்சு? மயக்க ஊசி போட்டா தெரியாதுன்னு சொன்னாங்களே?"

"சில பேருக்கு முதுகுல மருந்து ஏறாதுங்க" என்றேன். "இவங்களுக்கு ஊசி சரியா பிடிக்கல."

யோசிக்காமல் வந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் தியேட்டர் கதவைத் தள்ளும்போதே அந்த வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கூடையோடு அவர் நின்றிருந்தார். உள்ளே போய் மயக்க மருந்துத் தாளை எழுதி, கையெழுத்துப் போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். 'பத்து பன்னிரண்டு: இடது பக்கம் முழுமையாக மரக்கவில்லை. அறுவை மருத்துவரிடம் தெரிவிக்கப்பட்டது. பத்து பதினான்கு: அறுவை தொடங்கியது.' அவ்வளவுதான். என் பேர்கூட இல்லை.

அந்தத் தாளைக் கிழிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. கோப்பில் சொருகி அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன்.

அதன் பிறகு நான் அவரை அழைக்கவில்லை. ஒருநாள் டாக்டர்கள் சாப்பாட்டுக்குக் கூடிய இடத்தில் ஜெயங்கொண்டத்து டாக்டர் ஒருவர், "அந்த மேடம் இப்ப உங்க பக்கம் வர்றதில்லையா?" என்று கேட்டார். "ரொம்ப மெதுவுங்க. சில நேரம் பிடிக்கவும் மாட்டேங்குது" என்றேன். ஏற்கெனவே தலைவலிக் கதை இருந்தது. அதோடு இது சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு இடமாக அவரை அழைப்பதை நிறுத்தினார்கள். பெரம்பலூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எங்களுக்குத் திருச்சியிலிருந்து ஒருவர் வரத் தொடங்கினார். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

ஐந்து வருடம் கழித்து மலர் தனியாக வந்தாள். இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தது.

"கலைச்சிடுங்க டாக்டரம்மா."

"ஏன்? வால்வு டாக்டர் வேணாம்னாரா?"

"அவரு பாத்துக்கலாம்னுதான் சொன்னாரு. எனக்கும் இன்னொண்ணு வேணும்னுதான் இருந்துச்சு. ஆனா எனக்குத்தான் மருந்து ஏறாதே. நீங்கதான எங்க மாமாகிட்ட சொன்னீங்க. அறுக்கறது தெரிஞ்சிக்கிட்டு இன்னொரு தடவ படுத்திருக்க முடியாதுங்க என்னால."

நான் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன். அவள் தாடையைத் தடவிக்கொண்டே தொடர்ந்தாள். "கடவாப்பல்லு ரெண்டு வருஷமா குடையுது. அதக்கூடப் புடுங்கப் போவல. அங்கயும் ஊசி போட்டா எனக்குப் புடிக்காதுல்ல?"

எனக்கு அந்தப் பல்தான் தாங்கவில்லை. ஸ்கேன் பார்க்க வேண்டும் என்று ஏதோ சொல்லி, இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரரோடு வரச் சொன்னேன். அவள் போனதும் மயக்க டாக்டரின் பழைய எண்ணுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "அவங்க இப்ப எப்படி இருக்காங்க? மூச்சு வாங்குதா?" என்றுதான்.

"நீங்க ஒரு தடவ வந்து அவகிட்ட பேசுனா நல்லாருக்கும்" என்றேன்.

"பிரசவத்துக்கு இங்க அனுப்புங்க, நான் பாத்துக்கறேன். இதய டாக்டரும் இங்க இருக்காரு. ஆனா அன்னைக்கு நடந்தத நீங்கதான் மேடம் சொல்லணும். நான் சொன்னா என்னைக் காப்பாத்திக்கிறதுக்குச் சொல்றேன்னு நெனப்பாங்க. நம்ப மாட்டாங்க. அவங்க நம்பறதுதான இப்ப வேணும்?"

மலரும் அவள் கணவனும் வந்தார்கள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். மருந்து ஏறாத உடம்பு இல்லை உன்னுடையது. பத்து நிமிடம் காத்திருந்தால் ஏறியிருக்கும், ஏறவும் செய்தது. அந்த டாக்டர் வேண்டாமென்று சொன்னார். நான்தான் நேரத்தைப் பார்த்துக் கத்தி வைத்தேன். பிறகு பொய் சொன்னேன். மன்னிச்சிடு என்றேன். அப்போதும் வாயில் 'நீ'தான் வந்தது.

கணவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான். மலர் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"எழுதி வச்சிருக்காங்களா?" என்று கேட்டாள்.

அலமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். கணவன் படித்துச் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அந்த டாக்டரம்மா என் மூஞ்சியப் புடிச்சிக்கிட்டு, மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்கன்னே சொல்லிக்கிட்டிருந்தாங்க" என்றாள். "அவங்கதான் தப்பா போட்டுட்டாங்க போலன்னு நெனச்சேன். அஞ்சு வருஷமா அவங்களத் திட்டிக்கிட்டிருக்கேன்."

தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வழக்குப் போடுவார்கள் என்று சில மாதம் எதிர்பார்த்தேன். போடவில்லை. போட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்குமோ என்னவோ.

மலருக்குப் பெரம்பலூரில் ஆண் குழந்தை பிறந்தது. அன்று மதியம் அவரே போன் செய்தார். "எபிடியூரல்தான் குடுத்தோம் மேடம். முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. சுத்தமா தெரியலன்னு அவங்களே சொன்னாங்க. உங்களுக்குச் சொல்லிடலாம்னு தோணுச்சு." குரலில் குத்தல் எதுவும் இல்லை. நான் தேடித் தேடிப் பார்த்தேன்.

அடுத்த வாரம் அவரைப் பார்க்கப் பெரம்பலூர் போனேன். கல்லூரி கேண்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தோம். தலை நிறைய நரைத்திருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். ஜெயங்கொண்டத்து டாக்டரிடமும் மற்றவர்களிடமும் போய் நானே உண்மையைச் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். இரண்டு பேரிடம் சொல்லியிருந்தேன், இன்னும் மூன்று பேர் பாக்கி. அதைச் சொல்லவில்லை. அவர் டீயை ஆற்றியபடி கேட்டுக்கொண்டார்.

"பழையபடி நம்ம ஆஸ்பத்திரிக்கு வரணும் நீங்க" என்றேன். "வாரத்துல ரெண்டு நாளாவது."

"வேணாம் மேடம்."

"கோவமா?"

கொஞ்சம் யோசித்தார். மற்றவர்கள் பதிலுக்கு அவர் காத்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் அவர் பதிலுக்கு நான் காத்திருந்தேன்.

"கோவம் இல்லீங்க. நெசமாவே இல்ல. ஆனா அங்க வந்தேன்னா, நான் உங்க கையத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். கத்திய எப்ப எடுப்பீங்களோன்னு. அப்ப அந்தம்மாவ யாரு பாக்குறது?"

அவருக்குத் தியேட்டரிலிருந்து அழைப்பு வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லியும் கார்வரை கூடவே நடந்து வந்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியை இறக்கி ஏதாவது சொல்லியிருக்கலாம். டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டான்.